ஒட்டாத எலும்பும் ஓயாத நோவும்

வளைந்த முதுகை நிமிர்த்துவதற்காக ஒருமுறை ரண சிகிச்சை செய்துகொண்டவர், சில ஆண்டுகள் சென்றபின் முன்னிலும் கொடிய நோவுடன் மீண்டும் வைத்தியசாலையின் படியேறுவது பரிதாபகரமான காட்சியாகும். முதன்முறை வந்தபோது அவரிடம் நம்பிக்கை இருந்தது. இரண்டாம் முறையோ அச்சமே பெரிதாக நிற்கிறது. “உள்ளே வைத்த கம்பி முறிந்துவிட்டது, வேறொன்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும்” என்று மட்டும் அவரிடம் சொன்னால் போதுமா? போதாது என்பதே நமது அபிப்பிராயம். கம்பி ஏன் முறிந்தது என்ற கேள்விக்கு விடை காணாமல் மறுபடியும் கத்தியை எடுப்பது, அஸ்திவாரம் இறங்கிய வீட்டின் சுவர் வெடிப்புக்குச் சுண்ணாம்பு பூசுவதை ஒக்கும்.

முதுகந்தண்டு ஒரே எலும்பன்று. முள்ளெலும்புகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்ற தூண். அவற்றுள் சிலவற்றை ஒட்டவைத்து ஒரே எலும்பாக வளரச் செய்வதே இச்சிகிச்சையின் சாரம். 1911-ம் ஆண்டில் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ், பிரெட் ஆல்பி என்னும் இரு வைத்தியர்கள் தனித்தனியே இம்முறையைக் கையாண்டனர். க்ஷயரோகம் அரித்த முதுகெலும்பைத் தாங்கி நிறுத்துவதே அப்போது அவர்களது நோக்கம். பின்னர் பக்கவாட்டில் வளைந்த முதுகுகளுக்கும் இதே முறை பயன்படலாயிற்று.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1941-ல் அமெரிக்க எலும்பு வைத்தியர் சங்கத்தின் குழுவொன்று, வளைந்த முதுகுக்குச் சிகிச்சை பெற்ற 425 பேரின் வரலாறுகளைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. பலருக்கு எலும்பு ஒட்டவில்லை. நிமிர்த்திய வளைவு பலருக்கு மீண்டும் திரும்பிவிட்டது. வைத்தியர்கள் தம் தோல்வியைத் தாமே எண்ணிப் பார்த்து, அதை மறைக்காது அச்சிட்டுக் கொடுத்தது பாராட்டத்தக்க செயல். பிற்கால முன்னேற்றத்திற்கு இத்தகைய நேர்மையே வித்தாகும்.

அடுத்து வந்தவர் டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரின் பால் ஹாரிங்டன். இளம்பிள்ளை வாதத்தால் முதுகு கோணிய குழந்தைகளுக்காக அவர் எஃகுக் கம்பியும் கொக்கியும் கொண்ட சாதனம் ஒன்றை அமைத்தார். முதலில் எலும்பை ஒட்டவைக்காமல் கம்பியை மட்டும் பொருத்திப் பார்த்தார். கம்பி முறிந்தது, கொக்கி நழுவியது. எலும்பு ஒட்டுவது முந்துமா, உலோகம் முறிவது முந்துமா என்ற பந்தயமே இது என்பது அப்போது தெளிவாயிற்று. எத்துணை வலிய உலோகமும் வளைந்து வளைந்து ஒருநாள் களைத்துப்போகும். எலும்பு மட்டுமே நிலைத்து நிற்கும். ஒட்டாமல் அசைந்துகொண்டே இருக்கும் அந்த இடத்தை வைத்தியர் “பொய் மூட்டு” என்பர். கம்பியின் முறிவு வெறும் அடையாளம். நோய் அந்தப் பொய் மூட்டிலேயே இருக்கிறது.

ஹாரிங்டனின் முறையை 1962-க்குப் பின் உலகமே ஏற்றது. ஆயிரக்கணக்கானோர் அதனால் நன்மை அடைந்தனர். ஆயினும் அக்கம்பி முதுகை இரு முனைகளிலிருந்தும் இழுத்து நீட்டுவது. முன்னிருந்து பார்த்தால் முதுகு நேராயிற்று. பக்கத்திலிருந்து பார்த்தாலோ, இடுப்பில் இயற்கை அமைத்த உட்குழிவு மறைந்து தட்டையாகிவிட்டது. பிள்ளைப் பிராயத்தில் இக்குறை தெரியவில்லை. நடுவயது வந்ததும் உடல் முன்னோக்கிச் சாய்ந்தது; முழங்காலை மடக்கினாலன்றி நிமிர்ந்து நிற்க இயலவில்லை; மாலையானால் இடுப்பு வலி தாங்க முடியவில்லை. 1970-களில் வைத்தியர்கள் இந்நோயை இனங்கண்டு, “தட்டை முதுகு” என்று பெயரிட்டு எழுதலாயினர். இங்கே எலும்பு ஒட்டவே செய்தது. ஆனால் தவறான நிலையில் ஒட்டிவிட்டது. கம்பி வழக்கொழிந்துபோயிற்று. அதைச் சுமந்து வளர்ந்தவர்களுள் பலர் இன்றும் முதுமையில் அதன் பலனை அனுபவிக்கின்றனர்.

பிரெஞ்சு வைத்தியர் ஜான் டுபுஸ்ஸே இதிலிருந்து ஒரு பேருண்மையைக் கண்டார். நிற்கும் மனிதனின் உடல் குறுகிய ஒரு கூம்பு வெளிக்குள் நிற்கும்வரை தசைகளுக்கு உழைப்புக் குறைவு. அதை விட்டு விலகினால் நிற்பதே ஒரு பாடாகிவிடும் என்றார் அவர். ஆதலால் இக்காலத்து வைத்தியர், கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுச் சுவரைப் பார்ப்பதுபோல, கழுத்தடி எலும்பிலிருந்து எக்ஸ்ரே படத்தில் நேர்க்கோடு இறக்கிப் பார்க்கின்றனர். இடுப்படி எலும்பின் மேற்பின் முனையினின்று அக்கோடு 5 சென்டிமீட்டருக்கு மேல் முன்னே விழுமாயின், சமநிலை கெட்டதென்று கொள்வர்.

ஆகவே மறு சிகிச்சைக்கு முன் அறிய வேண்டியவை பல. எலும்பு ஒட்டாமற்போயிற்றா? ஒட்டியும் கோணலாக நிற்கிறதா? ஒட்டிய பகுதிக்கு மேலேயுள்ள எலும்பு புதிதாகக் கூன் விழுந்துவிட்டதா? உள்ளே கிருமி தங்கிச் சீழ் பிடித்திருக்கிறதா? எலும்பே மெலிந்துபோய்த் திருகாணி தளர்ந்துவிட்டதா? நோயாளி புகையிலையை விட்டாரா? புகையிலையிலுள்ள நிகோடின் எலும்பு ஒட்டுவதைத் தடுக்கும் என்பது நிச்சயமாகத் தெரிந்த விஷயம். தலை முதல் தொடைவரை நின்ற நிலையில் எடுத்த படமும், சி.டி. படமும், இரத்தப் பரிசோதனையும், எலும்பின் அடர்த்தி அளவும் இக்கேள்விகளுக்கு விடை தரும். காரணம் வேறானால் சிகிச்சையும் வேறு.

கோணலாக ஒட்டிய எலும்பை நிமிர்த்த, அதையே ஆப்பு வடிவில் வெட்டியெடுத்து இடைவெளியை மூட வேண்டும். ஸ்மித்-பீட்டர்சன் 1945-ல் வெளியிட்ட முறையில் ஓரிடத்தில் சுமார் 10 பாகை திருத்தலாம். பின்வந்த ஆழமான வெட்டினால் 30 பாகை வரை கிட்டும். ஆதாயம் பெரிதெனில் ஆபத்தும் பெரிது. பழைய தழும்பு நரம்புறையோடு ஒட்டிக்கிடப்பதால் உறை கிழிய நேரும். இரத்தம் மிகுதியாகச் சேதமாகும். 2016-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, 15 மையங்களில் முதல் முறையாகவோ மறுமுறையாகவோ சிக்கலான முதுகுச் சிகிச்சை பெற்ற 270-க்கு மேற்பட்ட பெரியவர்களைக் கவனித்தது. வைத்தியசாலையை விட்டு வெளியேறும் வேளையில் சுமார் நூற்றுக்கு 22 பேருக்குக் கால்களின் பலம் முன்னிலும் குறைந்திருந்தது. ஈராண்டு கழிந்தபின் அது ஏறக்குறைய நூற்றுக்கு 10 ஆயிற்று.

இக்கணக்கைக் கண்டு எவரும் மனந்தளர வேண்டுவதில்லை. காரணம் அறிந்து, தேர்ந்த கைகளால் செய்யப்படும் மறு சிகிச்சையால் நோவு தணிந்து நிமிர்ந்து நடப்பவர் பலருண்டு. ஆனால் கணக்கை அறிந்து சம்மதிப்பது வேறு. அறியாமல் தலையசைப்பது வேறு. முதல் சிகிச்சையின் குறிப்புகளையும் படங்களையும் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. முதல் முறை எங்கே தவறிற்று, இம்முறை என்ன மாற்றம், என்ன ஆபத்து என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிந்த மொழியில் விடையளிப்பது வைத்தியரின் கடமை. சுவீடன் தேசத்தில் 1990-கள் முதல் முதுகுச் சிகிச்சைகளைப் பதிவேட்டில் எழுதி, பலன் யாதென்று நோயாளிகளையே வினவி வருகின்றனர். இது எல்லா நாடுகளும் பின்பற்றத்தக்க முறையாகும்.

தோல்வி வைத்தியத்துக்கு இழுக்கன்று. தோல்வியை ஆராயாமல் மூடிவைப்பதே இழுக்கு. 1941-ல் அக்குழு தன் தோல்விகளை எண்ணியதுபோல ஒவ்வொரு வைத்தியரும் எண்ணுவாராயின், மறுமுறை படியேறும் நோயாளிக்கு மூன்றாம் முறை அப்படியேற வேண்டிய அவசியம் அருகிப்போகும்.