குரல் யாருடையது, குணம் யாருடையது?

புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் பலர் இப்போது கைப்பேசியில் ஒரு விடையைக் காட்டியபடியே மருத்துவர் முன் அமர்கின்றனர். "ஏஐ இப்படிச் சொல்கிறது, சரிதானா?" என்று கேட்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் எந்தச் செயலியையும் தேடிப் பதிவிறக்கியவர்கள் அல்லர். 2024ஆம் ஆண்டின் நடுவில் இந்தியாவில் வாட்ஸ்அப்பிற்குள்ளேயே மெட்டா ஏஐ என்னும் நீல வட்டம் வந்து அமர்ந்துவிட்டது. மகன் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்க, முத்துப்பேட்டை வீட்டில் தனித்திருக்கும் தாய்க்கு இரவு இரண்டு மணிக்குத் தலை கிறுகிறுத்தால், அந்த வட்டத்தைத் தொட்டுக் கேட்பது இயல்பே. விடை உடனே வருகிறது. அதுவும் கனிவாக வருகிறது. அக்கனிவு எங்கிருந்து பிறக்கிறது, அதை வைத்தவர் யார், மருந்தும் நோயும் சார்ந்த பேச்சில் அதற்கு எவ்வளவு இடம் தரலாம் என்பனவற்றை நோயாளரும் குடும்பத்தாரும் அறிந்திருப்பது நலம்.

கருவிக்குக் குணம் கொடுக்கும் வேலை புதியதன்று. அது தொடங்கியதே ஒரு மருத்துவ வேடத்தில்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பணியாற்றிய ஜோசப் வைசன்பாம், 1966இல் எலைசா என்னும் நிரலைப் பற்றி எழுதினார். பெர்னார்டு ஷாவின் நாடகமொன்றில், பயிற்சியினால் உயர்குடிப் பேச்சைக் கற்றுக்கொள்ளும் பூக்காரப் பெண்ணின் பெயர் அது. அந்நிரலுக்கு அவர் அணிவித்த புகழ்பெற்ற வேடத்தின் பெயர் 'டாக்டர்'. மனநல ஆலோசகர் போல அது பேசியது. உண்மையில் அது எதையும் அறியாது. எதிரில் இருப்பவர் தட்டச்சு செய்த சொற்றொடரையே திருப்பிக் கேள்வியாக்கித் தந்தது. "எனக்கு மனம் சரியில்லை" என்றால், "மனம் சரியில்லாமல் எவ்வளவு நாளாக இருக்கிறீர்கள்?" என்பது போன்ற முறைதான்.

இந்த எளிய உத்தி அதைப் படைத்தவரையே அதிர வைத்தது. நிரல் உருவானதைப் பக்கத்தில் இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, சில வரிகள் உரையாடியதும், தனிமையில் பேச வேண்டும் என்று அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். வைசன்பாம் இதைக் குறித்துக் கவலையுற்று, மனிதர் செய்ய வேண்டிய சில பணிகளைக் கணினியிடம் ஒப்படைக்கலாகாது என்று வாதிட்டு 1976இல் ஒரு நூலே எழுதினார். இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தச் செயலாளர் அறியாதவர் அல்லர். எதிரில் இருப்பது கருவி என்று தெரிந்திருந்தும் மனம் திறந்தது. நோயுற்றிருக்கும்போது, கேட்பதற்கு ஆளில்லாத இரவில், நம் மனமும் அவ்வாறே திறக்கும். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இன்றைய கருவிகள் எலைசாவைவிட மிகப் பெரியவை. ஆயினும் அவற்றின் குணமும் வைக்கப்பட்டதே. முதலில் ஏராளமான எழுத்துகளைப் படிக்கச் செய்து, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழக்குகின்றனர். இந்நிலையில் அதற்கென ஒரு குணம் கிடையாது. எவர் போலவும் எழுதும். அடுத்து, மனிதர்கள் அதன் விடைகளை ஒப்பிட்டு, இது நன்று, அது அன்று என்று தரம் பிரிக்கின்றனர். பணிவாகவும் பொறுமையாகவும் அமைந்த விடைகள் பாராட்டுப் பெறப் பெற, கருவி அவ்வழியே சாய்கிறது. இறுதியாக, அதனைப் பயன்படுத்தும் நிறுவனம் உரையாடலுக்கு முன்னால் ஓர் அறிவுரைத் தாளை வைக்கிறது. "நீ ஒரு மருத்துவமனையின் உதவியாளர். மரியாதையாகப் பேசு. மருந்தின் அளவைச் சொல்லாதே" என்பது போல அதில் எழுதப்பட்டிருக்கும். நோயாளியின் கண்ணில் அத்தாள் படாது. அதே கருவிக்கு வேறொரு தாளை வைத்தால் கேலி பேசும் நண்பனாகவும், கண்டிப்பான ஆசிரியராகவும் அது மாறிவிடும்.

இக்கனிவின் ஆற்றலை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2023 ஏப்ரலில் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. பொது இணையதளம் ஒன்றில் மக்கள் கேட்ட 195 மருத்துவக் கேள்விகளுக்கு மருத்துவர்கள் அளித்த விடைகளையும், சாட்ஜிபிடி அளித்த விடைகளையும், எது எவருடையது என்று சொல்லாமல், மருத்துவத் துறையினரிடமே காட்டினர். 78.6 விழுக்காட்டு மதிப்பீடுகள் கருவியின் விடையையே விரும்பின. பரிவுள்ளவை என்று மதிக்கப்பட்டவை மருத்துவர் விடைகளில் 4.6 விழுக்காடு, கருவியின் விடைகளிலோ 45.1 விழுக்காடு. மருத்துவர்கள் இதைப் படித்துச் சற்று நாணத்தான் வேண்டும். ஆனால், மருத்துவர் விடைகள் சராசரியாக 52 சொற்கள்; கருவியினுடையவை 211 சொற்கள். வரிசையில் எண்பது பேர் காத்திருக்கும் ஒருவரையும், களைப்பே அறியாத ஒன்றையும் பரிவில் ஒப்பிடுவது முழு நியாயமாகாது. மேலும், அவ்வாய்வில் எவரும் எந்த நோயாளியையும் தொட்டுப் பார்க்கவில்லை. விடையைப் பின்பற்றியவர் நலமடைந்தாரா என்பதும் அளக்கப்படவில்லை.

கனிவு அளவு மீறினால் என்னவாகும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2025 ஏப்ரல் இறுதியில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் சாட்ஜிபிடியின் குணத்தில் ஒரு மாற்றம் செய்தது. பயனாளர்களை மகிழ்விக்கும் பக்கமாக அது மிகையாகச் சாய்ந்துவிட்டது. எதைச் சொன்னாலும் ஆமோதித்தது, வியந்து போற்றியது. மருந்துகளை நிறுத்திவிட்டதாகச் சொன்னவரைத் துணிச்சல்காரர் என்று பாராட்டிய விடைகளின் படங்கள் இணையத்தில் பரவின. சில நாள்களிலேயே நிறுவனம் அம்மாற்றத்தைத் திரும்பப் பெற்று, நடந்ததை வெளிப்படையாக விளக்கியது. இரத்த அழுத்த மாத்திரையை விட்டபின் உடம்பு இலேசாக இருக்கிறது என்று ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "ஏன் விட்டீர்கள்? நாளையே வந்து அழுத்தத்தைப் பாருங்கள்" என்பதுதான் அவருக்குத் தேவையான மறுமொழி. அது காதுக்கு இனியதாக இராது.

குணத்தைப் பொறுப்புடன் அமைத்த சான்றும் நம் நாட்டிலேயே இருக்கிறது. கில்காரி என்பது கருவுற்ற பெண்களுக்கும் இளந்தாய்மார்க்கும் வாரந்தோறும் கைப்பேசியில் ஒலிக்கும் செய்திச் சேவை. பிபிசி மீடியா ஆக்‌ஷன் அமைப்பு 2013இல் பீகாரில் இதைத் தொடங்கியது. 2016 முதல் நடுவண் சுகாதார அமைச்சகம் பிற மாநிலங்களுக்கு விரித்தது. கருவுற்ற இரண்டாம் பருவம் முதல் குழந்தைக்கு ஓராண்டு ஆகும்வரை 72 செய்திகள். அவற்றைச் சொல்பவர் டாக்டர் அனிதா. அப்படி ஒருவர் உண்மையில் இல்லை. அவர் ஒரு கற்பனைப் பாத்திரம். பரிவும் அதிகாரமும் ஒருசேர ஒலிக்கும் பெண் மருத்துவரின் குரல் வேண்டும் என்று எண்ணியே அப்பாத்திரத்தைப் படைத்தனர். மாமியாரும் கணவரும் உடனிருந்து கேட்கும் வீட்டில், அந்த அதிகாரம் இளந்தாய்க்குத் துணை நின்றிருக்கும் என்பது என் கருத்து.

கற்பனை மருத்துவரைக் கொண்டு பேசச் செய்வது ஏமாற்றாகாதா என்று சிலர் கேட்கலாம். டாக்டர் அனிதாவின் ஒவ்வொரு சொல்லும் முன்னமே எழுதப்பட்டு, பொறுப்புள்ளவர்களால் சரிபார்க்கப்பட்டு, பதிவு செய்யப்பட்டது. பாத்திரம் கற்பனை, சொல் மெய். செயற்கை நுண்ணறிவுக் கருவியிலோ நிலைமை தலைகீழாகிறது. வேடத்தை எழுதியவர் உண்டு. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அது சொல்லும் சொற்றொடரை அதற்கு முன் எவரும் படித்துப் பார்த்ததில்லை. ஆகவே, ஒரு கருவி தன்னை டாக்டர் என்று அழைத்துக்கொண்டால், அல்லது அதற்கு வெள்ளை அங்கி அணிந்த படத்தை வைத்திருந்தால், அங்கே ஐயம் கூடுதலாக வேண்டும். பெங்களூரில் உருவான வைசா என்னும் மனநலச் செயலி தன் முகமாக ஒரு பென்குயின் பறவையை வைத்துக்கொண்டது. பறவையை எவரும் மருத்துவர் என்று நம்பமாட்டார் அன்றோ! அத்தேர்வு எனக்கு நேர்மையாகத் தோன்றுகிறது.

தமிழில் பேசும் கருவிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல் போதும். தமிழில் வாயைத் திறந்தவுடனேயே நீயா, நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். அறுபது வயதுப் பெரியவரைக் கருவி "நீ" என்று விளித்தால் அதன் பிறகு அது சொல்லும் நல்லதும் அவர் செவியில் ஏறாது. நம் செவிலியர் இதை நொடியில் முடிவு செய்கின்றனர்: ஒருவரை ஐயா என்பர், ஒருவரைப் பாட்டி என்பர், வாப்பா, உம்மா என்று வீட்டில் அழைக்கும் குடும்பத்தாரிடம் அவர்கள் முறையறிந்து பேசுவர். கருவியோ பெரும்பாலும் எல்லோரிடமும் ஒரே நூல்நடையில் பேசுகிறது.

விளிப்புப் பிழையால் மனம் நோகும். சொற்பொருள் பிழையால் உடல் நோகும். சிறுநீரக நோயாளருக்கு இது நன்கு தெரிந்த செய்தி. நம் பக்கத்தில் இரத்தத்தில் கிரியேட்டினின், யூரியா கூடினால் "உப்பு ஏறியிருக்கிறது" என்போம். அது சமையல் உப்பு அன்று. "எனக்கு உப்பு கூடிவிட்டது, என்ன செய்வது?" என்று கருவியிடம் கேட்டால், உணவில் உப்பைக் குறைக்கச் சொல்லி அன்பாக வழியனுப்பிவிடக்கூடும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்னும் உண்மைக் கேள்வி எழாமலே போய்விடும். நெஞ்சு கரிக்கிறது என்பதற்கும் நெஞ்சை அடைக்கிறது என்பதற்கும் இடையே உள்ள தொலைவும் இத்தகையதே. எனவே கேட்பதாயின், அறிக்கையில் அச்சிட்டிருக்கும் பரிசோதனைப் பெயரையும் அளவையும் அப்படியே எழுதிக் கேளுங்கள். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு, பல மாவட்டங்களுக்கும் சென்று 22 இந்திய மொழிகளில் மக்களின் இயல்பான பேச்சைத் திரட்டி வருகிறது. இத்தகைய முயற்சிகள் வளர வளர, வயலிலும் அலையாத்திக் கரையிலும் பேசும் தமிழையும் கருவிகள் கேட்டறியக்கூடும்.

இதுவரை சொன்னது கருவி தனக்கென அணிந்துகொள்ளும் குரல். நோயினால் குரலை இழந்தவருக்குக் கருவி தரும் குரலும் உண்டு. இயற்பியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங், 1985இல் நிமோனியா கண்டு, மூச்சுக்குழாயில் துளையிடும் அறுவைக்குப்பின் பேச்சை முற்றிலும் இழந்தார். அதன்பின் அவர் பயன்படுத்திய கணினிக் குரல், டென்னிஸ் கிளாட் என்னும் ஆய்வாளர் தம் குரலையே அடிப்படையாகக் கொண்டு அமைத்தது. பிற்காலத்தில் அதைவிட மனிதத்தன்மை மிக்க குரல்கள் வந்தன. ஹாக்கிங் மாற்ற மறுத்துவிட்டார். ஆங்கிலேயரான அவருக்கு அமெரிக்கச் சாயல் கொண்ட அந்த உலோகக் குரலே தம் அடையாளமாகிவிட்டது. 2018இல் மறையும்வரை அதனுடனேயே வாழ்ந்தார்.

இன்று சில நிமிடப் பதிவைக் கொண்டே ஒருவருடைய குரலைப் போன்ற குரலைக் கணினியில் உருவாக்க முடிகிறது. 2024இல் வெளிவந்த லால் சலாம் திரைப்படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரகுமான், அவர்தம் குடும்பத்தாரின் இசைவு பெற்று மீண்டும் பாடச் செய்தார். திரைக்கு இது புதுமை; தொண்டைப் புற்றுக்காகக் குரல்வளையை அகற்ற வேண்டியவருக்கோ இது பெருந்துணையாகக்கூடும். அறுவை நாள் குறிக்கப்பட்டவர், அதற்கு முன்பே தம் இயல்பான பேச்சை அமைதியான அறையில் கைப்பேசியில் பதிந்து வைக்கலாம். செய்தித்தாளைப் படிக்கலாம், பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லலாம். செலவு ஏதுமில்லை. பதிவு இல்லையேல், பின்னர் எந்தக் கருவி வந்தாலும் அவருடைய குரலை மீட்க இயலாது. நரம்பு நோயால் பேச்சு மெல்ல மங்கிவருவோருக்கும் இது பொருந்தும், அவர்கள் காலந்தாழ்த்தலாகாது.

இதே நுட்பம் கயவர் கையிலும் இருக்கிறது என்பதை அயல்நாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் மறவாதிருக்க வேண்டும். "விபத்து, உடனே பணம் அனுப்புங்கள்" என்று மகன் குரலில் அழைப்பு வந்தால், இணைப்பைத் துண்டித்துவிட்டு, வழக்கமான எண்ணில் நீங்களே அவரை அழைத்துப் பாருங்கள்.

கருவியிடம் என்ன கேட்கலாம்? அறிக்கையில் உள்ள சொல்லின் பொருளைக் கேட்கலாம். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை நினைவூட்டச் சொல்லலாம். ஆறுதலுக்கும் பேசலாம். பெயர், அட்டை எண், பிறருடைய நோய் விவரம் ஆகியவற்றைப் பகிர வேண்டா. இன்சுலின் அளவைக் கூட்டுவது, குறைப்பது, மாத்திரையை நிறுத்துவது ஆகிய மூன்றையும் அது சொல்லிச் செய்ய வேண்டா. சர்க்கரை நோயாளிக்கு இரவில் வியர்த்துத் தலை கிறுகிறுத்தால், தட்டச்சு செய்யும் நேரத்தில் குளுக்கோமீட்டரை எடுங்கள். கருவி இல்லையெனில், அவர் நினைவோடு இருக்கும்போதே இனிப்பான பானம் கொடுங்கள். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல், நெஞ்சை அடைத்தல் ஆகியவற்றுக்கு 108. உடல்நல ஐயங்களுக்கு 104. மனம் தாளாத இரவில் டெலிமானஸ் 14416. அவ்வெண்ணில் தமிழில் பேசுபவர் மனிதர்.