ஊசிக்கு முன்னே ஒரு வார்த்தை

"சோறு தின்னு! இல்லேன்னா மிஸியைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்லுவேன்!"

தோட்டத்து லயங்களில் மாலை நேரத்தில் நடந்து போனால், ஏதாவது ஒரு வீட்டிலிருந்து இந்தக் குரல் காதில் விழாமல் போகாது. கோபத்தில் வரும் வார்த்தை அல்ல அது, அலுப்பில் வருவது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், செம்பனைக் காட்டிலும் பால்மரக் காட்டிலும் உழைத்துத் திரும்பிய தாய்க்குப் பிள்ளையோடு மல்லுக்கட்டத் தெம்பு ஏது? சாதாரணப் பிள்ளை ஒரு கணம் மிரளும். பிறகு மறந்துவிட்டு விளையாடப் போய்விடும். ஆனால் ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம், மூளை முடக்குவாதம் போன்ற நிலையில் உள்ள பிள்ளைகளில் பலர் அப்படி மறப்பதில்லை. வெள்ளைச் சட்டையைக் கண்டாலே அலறுகிற அளவுக்கு அந்த மிரட்டல் மனத்தில் தங்கிவிடுகிறது.

ஆஸ்பத்திரி வாசலை அடிக்கடி மிதிக்க வேண்டியவர்களோ இந்தப் பிள்ளைகள்தாம்! டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருதயக் கோளாறு இருக்கிறது. அதற்குப் பரிசோதனை வேண்டும். தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஆண்டுதோறும் இரத்தம் எடுக்க வேண்டும். வலிப்பு உள்ள பிள்ளைக்குத் தலையில் கம்பிகள் ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்வார்கள். இவை போக, எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய தடுப்பூசிகள், முதலாம் ஆண்டில் பள்ளியில் போடும் ஊசி, பல் மருத்துவம் எல்லாம் இருக்கின்றன. பயத்தால் இவற்றில் ஒன்று தவறினாலும் நோய் முற்றிய பிறகுதான் தெரியவரும். வாய் பேசத் தெரியாத பிள்ளை பல்வலியை எப்படிச் சொல்லும்? தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும். நாமோ "சேட்டை" என்று சொல்லி அதட்டுவோம்.

பிடித்து அமுக்கினால் என்ன ஆகும்?

எங்கள் வட்டாரத்துத் தோட்டமொன்றில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன். பேச்சு வரவில்லை. சொத்தைப் பல்லுக்காக ஓரிடத்துக்குக் கொண்டு போனார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. கையை ஒருவர், காலை ஒருவர், தலையை ஒருவர் என்று அமுக்கிப் பிடித்து ஒருவழியாக வேலையை முடித்தார்கள். அன்றைக்கு வேலை முடிந்தது உண்மைதான். ஆனால் அதன் பிறகு இரண்டு ஆண்டுகள், வேன் அந்தச் சாலைப் பக்கம் திரும்பினாலே போதும், பையன் இருக்கையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துகொள்வான். ஊசி, மருந்து எல்லாமே நின்று போயின. "கொண்டு போறதுக்கே பயமா இருக்கு சார்" என்றார் தாய்.

இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. வெளியே வரிசை நீண்டு கிடக்கும்; உள்ளே வேலை செய்பவர்களுக்கும் நேரம் போதாது. ஆனாலும் ஒன்றை நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பிள்ளையை மிரள வைப்பது ஊசி முனை மட்டும் அல்ல. என்ன நடக்கப் போகிறது என்று தெரியாமை, ஏமாற்றி அழைத்து வந்தது, பல கைகள் ஒன்றாகச் சேர்ந்து அமுக்கியது ஆகியவை அதைவிடப் பெரிய பயத்தைத் தருகின்றன. ஊசியை நம்மால் நிறுத்த முடியாது. மற்றவற்றைக் குறைப்பது பெருமளவுக்கு நம் கையில் இருக்கிறது.

உலகம் கற்ற பாடம்

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தையைப் பெற்றவர்கள் வாரத்துக்கு ஓரிரு முறைதான் பார்க்க முடியும் என்று பல இடங்களில் விதி இருந்தது. 1952ஆம் ஆண்டு ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், ஆஸ்பத்திரியில் தாயைப் பிரிந்திருந்த இரண்டு வயதுக் குழந்தையைப் படம் பிடித்துக் காட்டினார். அந்தக் குழந்தையின் ஏக்கம் பார்த்தவர்களை உலுக்கியது. 1959இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசாங்கத்துக்குப் பரிந்துரைத்தது. இன்று நம் நாட்டில் பிள்ளைகள் வார்டில் தாய் கூடவே தங்குவது சர்வ சாதாரணம்.

அதே 1959ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஆடல்ஸ்டன் மிக எளிய முறை ஒன்றை எழுதி வைத்தார்: சொல், காட்டு, செய். முதலில் செய்யப் போவதைப் பிள்ளைக்குப் புரியும் சொல்லில் சொல்ல வேண்டும். பிறகு கருவியைக் கையில் கொடுத்தோ விரல் நகத்தில் வைத்தோ காட்ட வேண்டும். அதன் பிறகே வாயில் செய்ய வேண்டும். இன்றும் பல் மருத்துவம் படிப்பவர்களுக்கு இதைக் கற்றுக் கொடுக்கிறார்கள்.

2015இல் உலகச் சுகாதார நிறுவனமும் தடுப்பூசி வலியைக் குறைக்கும் வழிகளை வெளியிட்டது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தாயோ தகப்பனோ மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேற்பட்ட பிள்ளையை நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். பால்குடிப் பிள்ளைக்கு ஊசியின்போது தாய்ப்பால் கொடுக்கலாம். ஒரே நாளில் பல ஊசிகள் போடுவதாக இருந்தால் அதிகம் வலிக்கிற ஊசியைக் கடைசியில் போட வேண்டும். "ஒன்றுமே நடக்காது பார்" என்பது போன்ற பொய்யான ஆறுதல் கூடாது. இவை எல்லாம் காசில்லாத மருந்துகள்.

தொடுவதைப் பற்றியும் ஒரு சேதி உண்டு. அமெரிக்காவில் 1947இல் பிறந்த டெம்பிள் கிராண்டின் அம்மையார் ஆட்டிசம் உள்ளவர். கால்நடை அறிவியல் பேராசிரியராக உயர்ந்தவர். சிறு வயதில் பிறர் கட்டி அணைப்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஆனால் உடம்பின் இரு பக்கமும் சீராக விழும் அழுத்தம் அவரை அமைதிப்படுத்தியது. அதற்காகத் தமக்கென்று ஒரு சாதனமே செய்துகொண்டார். ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் கைகள் பயத்தைக் கூட்டும். பழகிய ஒருவரின் உறுதியான, ஆடாத அணைப்பு பல பிள்ளைகளுக்குப் பயத்தைக் குறைக்கும். இதிலும் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு உண்டு. உங்கள் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வீட்டிலேயே தொடங்குங்கள்

தவணை நாளுக்கு ஒரு வாரம் முன்பே வேலை தொடங்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு முன்கூட்டிச் சொன்னால் கவலை கூடிவிடும். அவர்களுக்கு முதல் நாள் சொன்னால் போதும்.

கைத்தொலைபேசியில் கிளினிக் வாசல், நாற்காலி, மிஸியின் மேசை என்று நான்கைந்து படங்கள் எடுத்து வாருங்கள். உள்ளே எடுப்பதற்கு முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றை வரிசைப்படி தினமும் காட்டிக் கதையாகச் சொல்லுங்கள்: "வேனில் போவோம். உட்காருவோம். மிஸி கையைத் துடைப்பாங்க. கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும். பத்து எண்ணுவோம். வீட்டுக்கு வருவோம்." அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1991 முதல் பரப்பிய சமூகக் கதைகளும் இந்த வழியைச் சேர்ந்தவையே. படம் எடுக்க வசதியில்லையென்றால் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் கோடு கோடாக வரைந்தாலும் போதும்.

பிறகு விளையாட்டாகச் செய்து பாருங்கள். ஈரப் பஞ்சால் பொம்மையின் கையைத் துடையுங்கள். அடுத்து அண்ணன் கை, அம்மா கை, கடைசியாகப் பிள்ளையின் கை. மடியில் உட்கார வைத்து அணைத்துப் பத்து எண்ணும் பழக்கத்தையும் இப்போதே ஏற்படுத்திவிடுங்கள். தோட்டத்தில் டிரஸர் இருந்தால், ஊசி இல்லாத ஒரு நாளில் பிள்ளையை அழைத்துப் போய் இரத்த அழுத்தப் பட்டையைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். எதுவும் செய்யாமல் திரும்பி வருவதும் ஒரு பாடம்தான்.

வலிக்கவே வலிக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு முறை பொய் சொன்னால் மறுமுறை உண்மையையும் பிள்ளை நம்பாது.

புறப்படும் முன் சில குறிப்புகள்

தலையில் கம்பி ஒட்டும் பரிசோதனை என்றால் தலையை நன்றாகக் கழுவி, எண்ணெய் வைக்காமல் கொண்டு போக வேண்டும். நம் தாய்மார்கள் பிள்ளை பளிச்சென்று இருக்கட்டுமென்று தேங்காய் எண்ணெய் தடவிப் படிய வாரி அனுப்புகிறார்கள். எண்ணெய்த் தலையில் கம்பி ஒட்டாது. அந்தக் கம்பிகள் மூளைக்குள் மின்சாரம் செலுத்துவதில்லை. மூளையிலிருந்து வருவதை எழுதிக்கொள்ளுகின்றன, அவ்வளவுதான்.

மயக்க மருந்தோ தூக்க மருந்தோ கொடுப்பார்கள் என்றால், எத்தனை மணியிலிருந்து சாப்பாடும் தண்ணீரும் கூடாது என்று கேட்டு அப்படியே நடந்துகொள்ளுங்கள். பாவம் பசிக்கிறதே என்று ஒரு வாய் பால் கொடுத்தாலும் அது மயக்கத்தில் மேலேறி மூச்சுக்குழாயில் புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஊசி குத்தும் இடத்தை மரக்கச் செய்யும் களிம்பு இருக்கிறது. குத்துவதற்குச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன் பூச வேண்டும். கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நாமாகக் கடையில் வாங்கிப் பூசக்கூடாது. பழகிய துண்டு, பிடித்த பொம்மை, இரைச்சல் தாங்காத பிள்ளைக்குக் காதை மூடும் சாதனம் ஆகியவற்றைப் பையில் எடுத்து வையுங்கள்.

முகப்பில் வாய் திறந்து சொல்லுங்கள்

நம்மவர்கள் முகப்பில் எண்ணை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பிள்ளையின் நிலை உள்ளே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? முதலில் அங்கே சொல்ல வேண்டும். மலாயில் இந்த நான்கு வாக்கியம் போதும்: "அனாக் சாயா ஓ.கே.யு. டியா தாகுட் ஜாரும். போலே காமி மாசோக் டூலு? பியார் சாயா பெகாங் டியா." பிள்ளை ஓ.கே.யு., ஊசிக்குப் பயப்படுவான், நாங்கள் முதலில் உள்ளே போகலாமா, நானே அவனைப் பிடித்துக்கொள்கிறேன் என்பது பொருள். எளிய வார்த்தைகள்; ஆனாலும் உள்ளே நடப்பது பெரிதும் மாறக்கூடும்.

ஓ.கே.யு. அட்டை வாங்காதவர்கள் இனியும் தாமதிக்க வேண்டாம். டாக்டரிடம் சான்று பெற்றுச் சமூகநல இலாகாவில் பதிந்துகொள்ள வேண்டும். அட்டை உள்ளவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டண விலக்கு உண்டு. 2008ஆம் ஆண்டின் 685ஆவது சட்டம், மற்றவர்களுக்கு உள்ள சுகாதார உரிமை உடற்பேறு குறைந்தவர்களுக்கும் சமமாக உண்டு என்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகைப் பிச்சை அல்ல. 1984இல் திரங்கானு, பத்து ராக்கிட்டில் தொடங்கிய பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வுத் திட்டம் இன்று நாடெங்கும் நிலையங்களாகப் பரவியிருக்கிறது. அருகில் உள்ள நிலையத்தில் விசாரியுங்கள். இதே பாதையில் நடந்த பெற்றோர்களை அங்கே சந்திக்கலாம்.

சிரம்பான் துவாங்கு ஜாஃபார் ஆஸ்பத்திரிக்கோ கோலப்பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா ஆஸ்பத்திரிக்கோ தோட்டத்திலிருந்து போய் வருவது ஒரு நாள் சம்பளத்தை விழுங்கும் வேலை. போகிற அந்த நாள் வீணாகாமல் இருக்கத்தான் இவ்வளவு முன்னேற்பாடும். காலை முதல் தவணையைக் கேட்டு வாங்குங்கள். தகப்பன்மார்களும் முறை வைத்துக்கொண்டு போக வேண்டும். எல்லாச் சுமையையும் தாயின் தலையிலேயே வைப்பது நியாயமல்ல.

முன்பு சொன்ன பையனை வேறொரு கிளினிக்கில் ஐந்து முறை வெறுமனே அழைத்துப் போனார்கள். முதல் முறை வாசலோடு திரும்பினார்கள். மூன்றாம் முறை நாற்காலியில் அமர்ந்தான். ஐந்தாம் முறை வாயைத் திறந்து கண்ணாடியை உள்ளே விட்டான். அதன் பிறகு ஒரு பல்லை அங்கேயே அடைத்தார்கள். இன்னொன்றுக்கு மயக்க மருந்து தேவைப்பட்டது. அதைத் தோல்வியென்று எண்ண வேண்டியதில்லை. சில பிள்ளைகளுக்கு அதுவே நல்ல வழி.

உயிருக்கு ஆபத்தான நேரத்தில் இந்த முறைகளுக்காகக் காத்திருக்கக்கூடாது. இரத்தம் நிற்காமல் போனாலோ, வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிதான். எல்லாம் முடிந்த பிறகு மடியில் வைத்து, நடந்ததை உண்மையாகச் சொல்லி ஆற்றுங்கள்.

தாய்மார்களே, இன்றிரவு பிள்ளையின் தவணை அட்டையை எடுத்து அடுத்த தேதியைப் பாருங்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் நாட்காட்டியில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். இனி நம் வீட்டில் மிஸியின் பெயரையும் ஊசியின் பெயரையும் சொல்லிப் பிள்ளையை மிரட்டுவதில்லை என்று குடும்பத்தோடு முடிவு செய்யுங்கள். பாட்டிக்கும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.