ஓர் எழுத்து மாறினால்

கலித்தொகையின் 94ஆம் பாடலில் ஒரு குறளனும் கூனியும் பேசிக்கொள்வதை நண்பர்கள் பலர் படித்திருப்பீர்கள். நாம் அதைப் பெரும்பாலும் சிரிப்புக்காகவே படிக்கிறோம். உயரம் குறைவதற்கு உடலுக்குள் இருக்கும் காரணங்களில் ஒன்றைப் பற்றி இன்று பேசுகிறேன். அது ஒரு தமிழ்க் குடும்பத்திலும் கண்டறியப்பட்டது.

மூளைக்கு அடியில், பட்டாணி அளவில் இருப்பது பிட்யூட்டரி சுரப்பி. வளர்ச்சி ஹார்மோனைச் செய்வது அதன் செல்கள்தான். அதற்கான மரபணு உடலின் மற்ற செல்களிலும் இருக்கிறது. ஆனால் முழு வேகத்தில் வேலை செய்வது பிட்யூட்டரியில் மட்டுமே. ஹைபோதலாமஸ் ஒரு கட்டளை ஹார்மோனை அனுப்புகிறது. செல்லின் மேல் இருக்கும் ஏற்பி அதைப் பிடிக்கிறது. உடனே செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. கூடுகிறது, பிட்-1 என்ற புரதம் பெருகி, வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை இயக்குகிறது.

அந்த ஏற்பி 423 அமினோ அமிலங்களால் ஆனது. 72ஆவது இடத்தில் ஓர் எழுத்து மாறினால் 'நிறுத்து' என்று பொருளாகிவிடும். ஏற்பி உருவாகாது. வளர்ச்சி ஹார்மோன் மரபணுவில் பழுதில்லை. அதை எழுப்பத்தான் வழியில்லை.

இந்தியத் துணைக்கண்டத்துக் குடும்பம் ஒன்றில் 1996இல் இது முதலில் அறியப்பட்டது. 1998இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இதே மாற்றம் தெரியவந்தது. அங்கே பாதிக்கப்பட்ட ஆண்களின் சராசரி உயரம் 130 செ.மீ. அதே ஆண்டு இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றிலும் கண்டார்கள்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் குழந்தைக்கு இந்தக் குறை வரும். சொந்தத்தில் மணம் முடிக்கும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது. அரபுக் குடும்பங்களிலும் அந்த வழக்கம் உண்டு. அமீரகம் தன் குடிமக்களுக்கு, திருமணத்துக்கு முன் 570 மரபணுக்களைப் பார்க்கும் பரிசோதனையை 2025 ஜனவரி முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. நாமோ விடுமுறையில் ஊருக்குப் போய் அத்தை மகனையும் மாமன் மகளையும் நிச்சயம் செய்துவிட்டுத் திரும்புகிறோம்.

பிள்ளை வளரவில்லை என்றால் தாயின் சமையலைக் குறை சொல்வதும், டப்பா டப்பாவாகச் சத்து மாவு வாங்குவதும் நம் வீடுகளில் நடக்கிறது. அதைவிட, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். பள்ளி வயதில் ஆண்டுக்கு நான்கு செ.மீ.கூட வளராவிட்டால் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். இந்தக் குறைக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி நல்ல பலன் தரும். ஆனால் எலும்பு முனைகள் மூடிக்கொள்வதற்கு முன் தொடங்க வேண்டும்.