தொடர் கருச்சிதைவு: குடல் பாக்டீரியா காரணமா? பழைய சோறு கைகொடுக்குமா?

"வயல்ல இறங்கி நாத்து நட்டியா? பப்பாளி சாப்பிட்டியா?" கரு கலைந்த பெண்ணிடம் டெல்டா கிராமங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் இவை. இரண்டாவது முறையும் கலைந்தால் பழி முழுக்க அவள் மேல்தான். இப்போது சமூக வலைதளங்களில் புதிதாக ஒன்று: 'குடல் பாக்டீரியா சரியில்லை, புரோபயாடிக் சாப்பிடுங்க'. இதில் எவ்வளவு உண்மை?

குடலுக்கும் கருவுக்கும் என்ன சம்பந்தம்?

கருவின் மரபணுவில் பாதி அப்பாவுடையது. தாயின் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அது ஒரு வகையில் வெளியாள். அதைத் தாக்காமல் தடுத்து வைப்பதில் 'டி-ரெக்' என்ற அணுக்களுக்குப் பங்கு உண்டு. நாம் சாப்பிடும் நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கும்போது பியூட்டிரேட் போன்ற அமிலங்கள் கிடைக்கின்றன. அவை டி-ரெக் அணுக்கள் உருவாகத் துணைபுரிகின்றன. அதனால்தான் ஆராய்ச்சியாளர்களின் பார்வை குடல் பக்கம் திரும்பியது.

நிரூபணம் ஆயிடுச்சா?

இல்லை. சீனாவில் நடந்த சிறிய ஆய்வுகளில், தொடர் கருச்சிதைவு ஏற்பட்ட பெண்களின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைவாக இருந்தன. ஆனால், பாக்டீரியா மாறியதால் கரு கலைந்ததா, கலைந்த பிறகு வந்த மன அழுத்தத்தாலும் மருந்துகளாலும் பாக்டீரியா மாறியதா என்பதை இவ்வகை ஆய்வுகளால் சொல்ல முடியாது.

அப்போ பழைய சோறு?

நீராகாரத்தில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனை கையில் எடுத்த பழைய சோறு ஆய்வு, குடல் நோயாளிகளைப் பற்றியது, கருச்சிதைவைப் பற்றியதல்ல. பிடித்தால் சாப்பிடலாம், ஊறவைக்கும் தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும். அதையே மருந்தாக நம்பி பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

என்ன செய்யணும்?

2 முறை கலைந்தாலே பரிசோதனை செய்துகொள்வது நல்லது. தைராய்டு, கருப்பை ஸ்கேன், ஆன்டிபாஸ்போலிப்பிட் ரத்தப் பரிசோதனை ஆகியவை முக்கியம். கடைசியாகச் சொன்னதில் பாதிப்பு தெரிந்தால், 12 வாரம் கழித்து மீண்டும் பார்த்து உறுதி செய்வார்கள். உறுதியானால், குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் அடுத்த கருவைக் காக்க உதவும். மருத்துவர் சொல்லாமல் இவற்றை எடுக்கக் கூடாது. தஞ்சை வட்டாரத்தில் இருப்பவர்கள் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவை அணுகலாம்.

எல்லாப் பரிசோதனைகளும் செய்தும் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காரணம் தெரிவதில்லை. முதல் 3 மாதங்களில் கலையும் கருக்களில் சுமார் பாதிக்கு, கருவின் குரோமோசோம் கோளாறே காரணம். சில தம்பதிகளிடம் அந்தக் கோளாறு கணவர் வழியாகவும் வரும். அதனால் மருத்துவமனைக்குப் போகும்போது அவரும் கூட வரணும்.