வெறுங்காலோடு ஒலிம்பிக்!

குட்டீஸ், திருவண்ணாமலையில் கிரிவலம் போயிருக்கிறீர்களா? செருப்பில்லாமல் 14 கிலோமீட்டர் நடந்தால், சின்னக் கல் குத்தினாலும் 'ஆ' என்று கத்துவோம். வெறுங்காலோடு ஒலிம்பிக்கில் கால்பந்து ஆடினால் எப்படி இருக்கும்? நம் வீரர்கள் ஆடியிருக்கிறார்கள்!

அந்த அணியின் கேப்டன் டி.ஆவோ. நடுக்களத்தில் நின்று எதிரணியைத் தடுப்பதில் கெட்டிக்காரர். 1918-ல் நாகா மலையில் உள்ள சாங்கி கிராமத்தில் பிறந்தார். "நீ டாக்டராகி நம் மக்களுக்கு உதவணும்" என்பது அப்பாவின் ஆசை. 1935-ல் டைபாய்டு காய்ச்சலில் அப்பா இறந்துவிட்டார். மகன் அந்த ஆசையை மறக்கவில்லை. கொல்கத்தாவில் மருத்துவம் படித்துக்கொண்டே மோகன் பகான் அணிக்கு ஆடினார்.

1948 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுடன் மோதல். சுதந்திர இந்தியாவுக்கு இதுதான் முதல் ஒலிம்பிக். நம் வீரர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் போடவில்லை! சாரங்கபாணி ராமன் கோல் அடிக்க, ஆட்டம் 1-1. ஆனால், இரண்டு பெனால்டிகள் வீணாகின. கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு ஜெயித்தது.

'ஏன் பூட்ஸ் போடவில்லை?' என்று கேட்டதற்கு, "நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால்!" என்று ஆவோ சிரித்தாராம்.

1950-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். புகழின் உச்சியில் இருந்தபோதே பந்தை விட்டுவிட்டு, சொந்த மண்ணுக்குத் திரும்பினார். நாகாலாந்து சுகாதாரத் துறை இயக்குநராகி, 1978-ல் ஓய்வு பெற்றார். 1998-ல் மறைந்தார்.

"விளையாட்டா, படிப்பா?" என்று வீட்டில் கேட்டால், டாக்டர் ஆவோவின் கதையைச் சொல்லுங்கள். ஆனால், இரண்டிலும் அவரைப்போல உழைக்கணும், சரியா?