தெரியாத தோளுக்கு ஒரு கம்பளிச் சட்டை

மலைநாட்டுக்குச் சுற்றுலா சென்று திரும்பும் பலரது பெட்டியில் கையால் பின்னிய கம்பளி ஆடை ஒன்றேனும் இருக்கும். கடையில் கையில் எடுத்தபோது அதன் மென்மையும் நிறமும் மனத்தைக் கவர்ந்திருக்கும். ஊருக்கு வந்து கண்ணாடி முன் அணிந்து பார்க்கும்போதுதான் குறைகள் புலப்படும். தோள்பகுதி மேற்கையை நோக்கிச் சரிந்திருக்கும். கழுத்துப்பட்டை தொண்டையை நெருக்கும். கையை உயர்த்தினால் ஆடை முழுவதும் இடுப்புக்கு மேலே ஏறிக்கொள்ளும். பின்னியவரின் உழைப்பை எண்ணி, “அழகாகத்தான் இருக்கிறது” என்று சொல்லி, அலமாரியில் மடித்து வைத்துவிடுகிறோம். அந்த ஆடை அணியப்படாமல் கிடக்கிறது என்னும் செய்தி, அதைப் பின்னிய பெண்ணுக்கு எட்டுவதே இல்லை. அடுத்த ஆடையையும் அவர் அதே அளவில்தான் பின்னுவார்.

கைப்பின்னலில் குறை காண்பது நன்றியற்ற செயல் என்னும் எண்ணம் நம்மிடம் உண்டு. அந்த எண்ணத்தால் பின்னுபவருக்கு நன்மை எதுவும் விளைவதில்லை. பொருத்தத்தையும் அழகையும் நுணுகிப் பார்த்துச் சொல்லப்படும் கருத்தே அவருடைய உழைப்புக்கு உரிய விலையைப் பெற்றுத் தரும். அவ்வாறு பார்ப்பதற்குச் சில அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றை அறிந்துகொள்ளப் பின்னல் ஊசியைப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தெரிந்த காலுக்குப் பின்னியவை

பின்னலாடை என்றதும் நம் நினைவுக்கு வருவது திருப்பூர். கம்பளி ஆடை என்றால் பஞ்சாபின் லூதியானா. இரண்டும் இயந்திரங்களின் நகரங்கள். அங்கே அளவுகள் எண்களாக வகுக்கப்பட்டு, ஆயிரம் ஆடைகளும் ஒரே அளவில் வெளிவருகின்றன. கைப்பின்னல் வளர்ந்த விதம் வேறு.

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹவுல் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். 3,978 மீட்டர் உயரத்திலுள்ள ரோதாங் கணவாயைப் பனி மூடும்போது, அந்தப் பள்ளத்தாக்கு ஆண்டுதோறும் பல மாதங்கள் வெளியுலகத் தொடர்பின்றி இருந்தது. நீண்ட குளிர்காலத்தில் பெண்கள் காலுறைகளையும் கையுறைகளையும் பின்னினர். பல நிறக் கோலங்கள் நிறைந்த அந்தக் காலுறைகளும் கையுறைகளும் இன்று புவிசார் குறியீடு பெற்றவை.

கணவரின் கால், பிள்ளையின் கால், உறவினரின் கால் என்று, பின்னுபவருக்குத் தெரிந்த கால்களுக்காகவே அவை உருவாயின. ஐயம் எழுந்தால் பாதியிலேயே மாட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஆகவே அளவை எழுதி வைக்கும் தேவை எழவில்லை. 2020 அக்டோபர் 3 அன்று 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின், மணாலிப் பக்கத்திலிருந்து வாகனங்கள் கணவாயில் ஏறாமலே பள்ளத்தாக்கை அடைகின்றன. சந்தை வீட்டு வாசலுக்கு நெருங்கி வந்துவிட்டது. வாங்குபவர் மும்பையிலோ சென்னையிலோ வாழும், முன்பின் அறியாத ஒருவர். பின்னும் கை அதே கைதான். அணியும் உடல்தான் தெரியாததாகிவிட்டது. கைப்பின்னல் ஆடைகளில் நாம் காணும் பொருத்தக் குறைகள் பலவற்றுக்கும் இந்த மாற்றமே காரணம்.

ஒரு கண்ணியின் கணக்கு

பின்னலில் உருவாகும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்போம். ஓர் அங்குல அகலத்தில் எத்தனை கண்ணிகள் அமைகின்றன என்பதே ஆடையின் அளவைத் தீர்மானிக்கிறது. ஒரே நூலையும் ஒரே ஊசியையும் கொடுத்தாலும் ஒருவர் இறுக்கமாகப் பின்னுவார். மற்றொருவர் தளர்வாகப் பின்னுவார். அங்குலத்துக்கு 5 கண்ணிகள் என்னும் கணக்கில் 40 அங்குலச் சுற்றளவுக்கு 200 கண்ணிகள் வேண்டும். தளர்ந்த கையுடைய ஒருவர் அதே 200 கண்ணிகளை அங்குலத்துக்கு நாலரை வீதம் பின்னினால், சுற்றளவு 44 அங்குலத்தைத் தாண்டிவிடும். அரைக் கண்ணி வேறுபாட்டால் ஆடை நான்கு அங்குலத்துக்கு மேல் பெரிதாகிவிடுகிறது.

இதைத் தடுக்கும் வழி மிக எளியது. ஆடையைத் தொடங்குமுன் நான்கு அங்குலச் சதுரமாக மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி, நனைத்து உலர்த்திய பிறகு அதன் கண்ணிகளை எண்ண வேண்டும். இதை வீண்வேலை என்று கருதி விட்டுவிடுபவர் பலர். நேரக் கணக்கைப் பார்த்தால் உண்மை விளங்கும். மேற்கூறிய அளவுள்ள முழுக்கை ஸ்வெட்டரில் ஏறத்தாழ 50,000 கண்ணிகள் வரும். நிமிடத்துக்கு 25 கண்ணிகள் என்று வைத்துக்கொண்டால் அது 33 மணி நேர உழைப்பு. மாதிரித் துண்டுக்கு அரை மணி நேரம் போதும்.

தளர்வு எவ்வளவு?

உடலின் அளவும் ஆடையின் அளவும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. சட்டைக்கு மேல் அணியும் ஸ்வெட்டர், மார்புச் சுற்றளவைவிட 2 முதல் 4 அங்குலம் கூடுதலாக இருந்தால் வசதியாக அமையும். பொத்தான் வைத்த ஸ்வெட்டரில் இந்தத் தளர்வு போதாவிட்டால், பொத்தான்களுக்கு இடையே முன்பட்டை வாய் பிளந்து நிற்கும். தொப்பியும் காலுறையும் இதற்கு நேர்மாறானவை. உடலின் அளவைவிடச் சற்றுச் சிறிதாகப் பின்னப்பட்டு, இழுபட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டியவை அவை. 22 அங்குலத் தலைக்கு 20 அங்குலத் தொப்பி பொருந்தும். 22 அங்குலத்திலேயே பின்னினால் சில நாள்களில் அது புருவத்துக்குக் கீழே இறங்கிவிடும்.

பல நிறக் கோலங்கள் கொண்ட பின்னலுக்குத் தனிக் கவனம் தேவை. இரண்டு நிற நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும்போது, பயன்படாத நூல் உட்புறமாக ஓடுகிறது. அதனால் துணியின் இழுபடும் தன்மை குறைகிறது. சாதாரணப் பின்னலுக்குரிய அளவிலேயே கோலக் காலுறையையும் பின்னினால், அது குதிகாலைத் தாண்டி ஏறாது. வாங்குமுன் உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. உள்ளே ஓடும் நூல் இறுகியிருந்தால் கோலம் சுருங்கித் தெரியும்; நீண்டு தொங்கினால் விரல் மாட்டிக்கொள்ளும்.

கையுறையில் பார்க்க வேண்டிய இடம் கட்டைவிரலின் அடிப்பகுதி. அங்கே முக்கோண வடிவில் கூடுதல் கண்ணிகள் சேர்த்து விரிவாக்கப்பட்டிருந்தால் கை தடையின்றி அசையும். விரிவாக்கம் இல்லாமல், கட்டைவிரலுக்கு ஒரு துளை மட்டும் விட்டிருந்தால், கையை விரிக்கும்போதெல்லாம் உள்ளங்கையின் குறுக்கே துணி இழுக்கும்.

தோளும் கழுத்தும்

ஸ்வெட்டரை மதிப்பிடும்போது தோளிலிருந்து தொடங்குவது நன்று. நேரான துண்டுகளை இணைத்துப் பின்னும் எளிய முறையில், கை இணையும் இடம் தோள் எலும்புக்குக் கீழே விழும். பலவகை உடல்களுக்கும் அது ஒத்துவரும். ஆயினும் அக்குளில் துணி மடிந்து திரளும். கைக்கு வளைவாக இடம்விட்டு, தோள் எலும்பின் முனையிலேயே கையை இணைக்கும் முறை தோற்றத்துக்கு அழகு. ஆனால் அதில் ஓர் அங்குலம் பிசகினாலும் கண்ணில் படும். ராக்லன் எனப்படும் மூன்றாவது முறையில், கழுத்திலிருந்து அக்குள் வரை இணைப்புக் கோடு சாய்வாக இறங்குகிறது. தோளின் அகலத்தைத் துல்லியமாக அறிய வேண்டிய தேவை அதில் குறைவு. ஆகவே முகம் தெரியாத வாடிக்கையாளருக்குப் பின்னுபவர்களுக்கு ராக்லன் முறை பெரிதும் உகந்தது.

கழுத்தில் அடிக்கடி காணும் குறை ஒன்று உண்டு. முன்கழுத்தையும் பின்கழுத்தையும் ஒரே உயரத்தில் பின்னிவிடுவார்கள். மனிதக் கழுத்து முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால், அத்தகைய ஆடை தொண்டையை அழுத்தும். அணிந்தவர் அதை அடிக்கடி கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பார். பின்கழுத்தை ஓர் அங்குலமேனும் உயர்த்திவிட்டால் இக்குறை தீரும்.

அளவுகளை வாய்மொழியாக விடாமல் கணக்காக எழுதி வைப்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பிரிட்டனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பின்னல் கலைஞர் எலிசபெத் ஸிம்மர்மன் (1910–1999) ஆடையின் பகுதிகளை விழுக்காட்டில் வகுத்துக் காட்டினார். உடற்பகுதியின் கண்ணிகளை 100 என்று கொண்டால், மணிக்கட்டுக்கு ஏறத்தாழ 20, கழுத்துக்கு ஏறத்தாழ 40 என்பது அவரது கணக்கு. 200 கண்ணிகள் கொண்ட ஸ்வெட்டருக்கு மணிக்கட்டில் 40, கழுத்தில் 80 என்று உடனே தெரிந்துவிடுகிறது. சட்டத் தாளில் நான்கு வரியாக எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டிவைக்கக் கூடிய கணக்கு இது.

கோலம் விழும் இடம்

அழகைப் பற்றிச் சொல்லும்போதும் “நன்றாக இல்லை” என்பது பயனற்ற சொல். எது, எங்கே என்று சுட்ட வேண்டும். நிறப்பட்டை உடலின் அகன்ற பகுதியில் குறுக்கே விழுந்தால் அந்த இடமே முதலில் தெரியும். அதே பட்டை மார்புக்கு மேலே அமைந்தால் பார்வை முகத்தை நோக்கிச் செல்லும். பக்கவாட்டு இணைப்பில் கோலம் பாதியில் அறுபட்டு நின்றால், கண்ணிகளின் எண்ணிக்கை கோலத்தின் மடங்காக அமையவில்லை என்று பொருள். கழுத்துத் துண்டில் பொருத்தம் பற்றிய சிக்கல் இல்லை. ஆனால் ஒருபக்கம் வழவழப்பாக அமையும் சாதாரணப் பின்னலில் அதைப் பின்னினால் ஓரங்கள் சுருண்டுகொள்ளும். இருபுறமும் மேடுபள்ளமாக அமையும் பின்னல் விளிம்பைச் சேர்த்தால் துண்டு தட்டையாக நிற்கும்.

நூலையும் மதிப்பிட வேண்டும். செம்மறிக் கம்பளி இழுபட்டு மீளும். நனைத்து வடிவப்படுத்தி உலர்த்தினால் அந்த வடிவில் நிற்கும். குலு மாவட்டத்தில் வளர்க்கப்படும் அங்கோரா முயலின் உரோமம் மிக மென்மையானது, மிகுந்த வெப்பம் தருவது. ஆனால் மீள்தன்மை குறைந்தது. அதை மட்டுமே கொண்டு பின்னிய மணிக்கட்டுப் பட்டை விரைவில் தொய்ந்துவிடும். செம்மறிக் கம்பளியோடு கலந்தால் நிலைக்கும். எந்த நூலாயினும், கைப்பின்னல் ஆடையைக் கொக்கியில் தொங்கவிடாமல் மடித்து வைப்பதே முறை. தன் எடையாலேயே அது நீண்டுவிடும்.

சொல்லின் மதிப்பு

1992-ஆம் ஆண்டு நபார்டு வங்கி, 500 சுயஉதவிக் குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. அந்த வழியில் வளர்ந்த குழுக்களுள் பின்னல் தொழில் செய்யும் மலைநாட்டுப் பெண்களின் குழுக்களும் உண்டு. கடனில் நூல் வாங்கிப் பின்னும் குழுவுக்கு, விற்காத ஸ்வெட்டர் ஒவ்வொன்றும் ஒரு சுமை. நூலின் விலையும் 33 மணி நேர உழைப்பும் அதில் முடங்கிக் கிடக்கின்றன. கடனுக்கான வட்டியோ நிற்பதில்லை. ஆடையைப் பிரித்து நூலை மீட்டு மீண்டும் பின்னலாம். செலவான நேரத்தை மீட்க இயலாது.

எனவே கைப்பின்னல் ஆடையை வாங்கும்போது அணிந்து பாருங்கள். கைகளை உயர்த்துங்கள், அமருங்கள், குனிந்து நிமிருங்கள். வயது, எண் ஆகியவற்றைக் கேட்பதோடு நில்லாமல், ஆடையின் மார்புச் சுற்றளவு, கை நீளம், உடல் நீளம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். வாங்குபவர் கேட்கக் கேட்கவே அவற்றைச் சீட்டில் எழுதி ஆடையில் இணைக்கும் வழக்கம் உருவாகும். பொருந்தாத இடத்தைக் கண்டால், “கழுத்து இறுக்கமாக இருக்கிறது, பின்பக்கம் ஓர் அங்குலம் உயர வேண்டும்” என்று அளவோடு சொல்லுங்கள். நன்றாக அமைந்த இடத்தையும் அதே துல்லியத்தோடு சொல்லுங்கள். எதை மாற்றக் கூடாது என்பதும் பின்னுபவருக்குத் தெரிய வேண்டுமல்லவா?

பனிக்காலத்தில் தன் வீட்டாரின் காலை அளந்து பார்த்துப் பின்னிய அந்தப் பெண்ணுக்கு, இன்று அளந்து பார்க்க எதிரே கால் இல்லை. நாம் சொல்லும் அளவுகள்தாம் அவருக்கு அந்தக் குறையைப் போக்கும்.