எதற்காகப் பார்த்தார்?

டீயை எடுத்துக்கொள்ளம்மா, ஆறிவிடும். அமெரிக்க மருத்துவமனைகளுக்குச் சென்னையிலிருந்து மெடிக்கல் கோடிங் செய்கிற எல்லோருக்கும் ஒரு நாள் வருகிற சந்தேகம்தான் இது. மயக்க மருந்து கொடுத்த டாக்டரே டி.இ.இ.யும் செய்திருக்கிறார்; அதற்குத் தனியாகப் பணம் கேட்கலாமா?

டி.இ.இ. என்பது உணவுக்குழாய் வழியாக இதயத்தைப் பார்க்கிற ஸ்கேன். நுனியில் அல்ட்ராசவுண்ட் கருவி உள்ள குழாயை வாய்வழியே உணவுக்குழாய்க்குள் இறக்குவார்கள். இதயத்துக்கு நேர் பின்னால் உணவுக்குழாய் போவதால் விலா எலும்பும் நுரையீரலும் மறைக்காது, படம் தெளிவாகக் கிடைக்கும்.

பணம் கேட்கலாமா என்பது எதற்காகப் பார்த்தார் என்பதைப் பொறுத்தது. ஒரு நோயாளிக்கு வயிற்றில் பெரிய அறுவை, இதயமும் பலவீனம் என்று வைத்துக்கொள். இதயம் ஒழுங்காகப் பம்ப் செய்கிறதா, ரத்தம் போதுமான அளவு நிரம்புகிறதா என்று டாக்டர் பார்த்தபடியே மருந்தைக் கூட்டிக் குறைக்கிறார். இது கண்காணிப்பு, கோட் 93318. அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் கணக்கில் இது மயக்க மருந்துக் கட்டணத்துக்குள்ளேயே அடக்கம், கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்ப்பதைப் போல.

இன்னொருவருக்கு மைட்ரல் வால்வு ரிப்பேர். எந்த இதழ் கெட்டிருக்கிறது, கசிவு எவ்வளவு என்று சர்ஜன் கேட்கிறார். இதய-நுரையீரல் இயந்திரத்திலிருந்து இறக்கியதும் மறுபடி பார்க்க வேண்டும். கசிவு மிச்சமிருந்தால் திரும்ப இயந்திரத்தில் ஏற்றவும் நேரலாம். அறுவையின் போக்கையே அந்தப் படம் முடிவு செய்கிறது. இது நோயறிதல், கோட் 93312. கருவி மருத்துவமனையுடையது என்பதால் மாடிஃபையர் 26, மயக்க மருந்திலிருந்து தனியான சேவை என்று காட்ட மாடிஃபையர் 59. டாக்டர் குழாயை இறக்க மட்டும் செய்து, படத்தை இதய மருத்துவர் படித்தால் முன்னவருக்கு 93313, பின்னவருக்கு 93314. டாப்ளருக்கு 93320, கலர் ஃப்ளோவுக்கு 93325. ரிப்போர்ட்டில் இருந்தால் மட்டும். தனியார் காப்பீடுகளின் விதி மாறும், அதைத் தனியே பார்த்துக்கொள்.

அந்த 59-ஐத்தான் நீ கவனமாகக் கையாள வேண்டும். அதைப் போட்டதும், மயக்க மருந்துடன் சேர்த்துத் தனிப் பணம் கேட்பதற்குக் கம்ப்யூட்டர் போடுகிற தடை விலகிவிடும், கண்காணிப்புகூட நோயறிதலாகப் போய்ப் பணமாகிவிடும். மெடிகேர் பார்ட் பி-யில் அந்தத் தொகையில் பொதுவாக 20 சதவீதம் நோயாளியின் பங்கு. அறுவை முடிந்து படுத்திருக்கிற ஒரு பெரியவர் தலையில் அதை ஏற்ற நமக்கு உரிமை இல்லை.

ஆகவே கேஸைத் திறந்ததும் யார் கேட்டார், எதற்குக் கேட்டார், படங்கள் சேமிக்கப்பட்டதா, கண்டதை எழுதிக் கையெழுத்திட்ட தனி ரிப்போர்ட் இருக்கிறதா என்று தேடு. மயக்க மருந்துச் சார்ட்டில் ‘டி.இ.இ. செய்யப்பட்டது’ என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் டாக்டருக்கு க்வெரி அனுப்பு. பதில் வரும்வரை 93312-ஐத் தொடாதே.